நெடுநாள் நின்ற இன்ஜினின் குளிரூட்டும் அமைப்பு

வார்ப்பிரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் ஓரிடத்தில் கூடினால் துரு பிடிக்கும். ஓடுகிற காரில் தண்ணீர்ப் பாதை நிரம்பியே இருப்பதால் காற்றுக்கு அதிக இடமில்லை. நிறுத்திப் போட்ட காரிலோ ஹோஸ் இணைப்பு வழியாகவும் பம்ப் சீல் வழியாகவும் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, தண்ணீர் பிளாக்கின் பாதிவரை இறங்கிவிடும். அந்த நீர்மட்டத்தை ஒட்டிய பகுதியைத்தான் துரு வேகமாக அரிக்கும். உதிர்ந்த துரு அடியில் படியும். கடைசியாக ஊற்றியது போர்வெல் தண்ணீர் என்றால் அதிலுள்ள சுண்ணாம்பும் சேர்ந்து சிமென்ட் மாதிரி இறுகிப்போகும். இந்தப் படிவு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சேரும்: பம்பிலிருந்து தள்ளி, நீரோட்டம் மந்தமாக இருக்கும் கடைசி சிலிண்டரின் அடிப்பகுதி.

பழைய கார் சூடாகிறது என்றதும் ரேடியேட்டர்மேல் பழி போடுவது வழக்கம். பிளாக்கில் இருக்கும் துருவை அப்படியே விட்டுவிட்டுப் புது ரேடியேட்டர் பொருத்தினால், இன்ஜின் சூடேறி ஓட்டம் வேகம் பிடித்ததும் அந்தத் துரு கிளம்பிப் போய் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துக்கொள்ளும். சில மாதங்களில் கார் மறுபடி கொதிக்கும். புது ரேடியேட்டர் மட்டம் என்று பேர் வரும். பிளாக்கைச் சுத்தம் செய்த பிறகே ரேடியேட்டர் பக்கம் திரும்ப வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் செய்த செலவு வீண்.

இந்த அத்தியாயம் 1489 சிசி பி-சீரிஸ் இன்ஜின் கொண்ட அம்பாசடரை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதன் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. ஒரு காலத்தில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இதே வகை. ஃபியட் 1100, அதன் வழிவந்த பிரீமியர் பத்மினி ஆகியவற்றில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். இரும்புக்குக் கேடு செய்யாத சில ரசாயனங்கள் அலுமினியத்தை அரித்துவிடும் என்பதால் அந்த வித்தியாசம் வரும் இடங்களில் தனியே குறிக்கப்பட்டுள்ளது.

சாவியைத் திருப்பும் முன்

நெடுநாள் நின்ற இன்ஜினை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. அதை அடக்கிக்கொள்வதே முதல் வேலை. தண்ணீர் பம்பின் சீல், உலோக முகத்தோடு உராய்ந்தபடி சுழல்வதற்காக வடிவமைக்கப்பட்டது. பல வருடம் அசையாமல் இருந்தால் அது அந்த முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரே இழுப்பில் சுழற்றும்போது சீல் கிழியும். ஆகவே ஃபேன் பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றிவிட்டு, ஃபேனை மட்டும் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்து விடுவிக்க வேண்டும்.

அடுத்து ஆயில். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்தாற்போல வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்பது உறுதி. தெளிவாக இருந்தாலும் நம்பிவிடக் கூடாது. இன்ஜின் சுழலாததால் தண்ணீர் ஆயிலோடு கலக்காமல் சம்பின் அடியில் தனியாகத் தங்கியிருக்கக்கூடும். சம்ப் பிளக்கை முழுவதும் கழற்றாமல், இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்தினால், தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால் முதலில் அதுவே வடியும். சில சொட்டு என்றால் காற்றின் ஈரம் குளிர்ந்து சேர்ந்ததாக இருக்கலாம். டம்ளர் கணக்கில் வந்தால் ஹெட் கேஸ்கெட்டோ ஹெட்டோ பழுது. அப்போது ஹெட்டைக் கழற்றாமல் மேற்கொண்டு செய்யும் எந்த வேலைக்கும் அர்த்தமில்லை.

ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிப் பார்க்க வேண்டும். நான்கில் ஒன்று மட்டும் துருவேறியிருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது.

வடித்தல்

ரேடியேட்டரின் அடியில் ஒரு குழாய், பிளாக்கின் பின்பகுதியில் பக்கவாட்டில் ஒரு குழாய் என இரண்டு வடிகால்கள் உண்டு. ரேடியேட்டர் குழாயைத் திறந்து, வடிந்ததும் வேலை முடிந்தது என்று விடுபவர்கள் அதிகம். பிளாக் குழாயைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு சொட்டும் வராது. அதற்காக பிளாக் காலி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. துவாரம் அடைத்திருக்கிறது என்பதே பொருள். குழாயை அடியோடு கழற்றி, அந்தத் துளைக்குள் வளைந்த கம்பியை விட்டுக் கிளற வேண்டும். முதலில் கம்பி எதிலோ மோதி நிற்கும். விடாமல் குடைந்தால் காபிப்பொடி நிறத்தில் ஈரமான சேறு கம்பியோடு வரும், பிறகு கறுப்பான நீர் ஒரு நூலாக வடியும், திடீரென்று அடைப்பு விட்டு ஒரு பிடி துருத் துகளோடு தண்ணீர் பீய்ச்சும். கீழே அகலமான பாத்திரம் வைத்துப் பிடித்தால் எவ்வளவு படிவு வந்தது என்று கணிக்கலாம். மேற்கொண்டு எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதற்கு அதுதான் அளவுகோல்.

வடித்ததில் பச்சை நிறக் கூலன்ட் இருந்தால் சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்றக் கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், பூனையும் நக்கிவிடலாம். அது அவற்றைக் கொல்லும் நஞ்சு.

தெர்மோஸ்டாட்டும் அதன் மூடியும்

ஹெட்டின் முன்பக்கம், மேல் ஹோஸ் வந்து சேரும் வளைந்த மூடிக்கு உள்ளே தெர்மோஸ்டாட் இருக்கிறது. மூடியைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகள் மூடியோடு சேர்ந்தே துருப்பிடித்து இறுகியிருக்கும். நட்டு கழன்றதும் மூடியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் மூடி உடையும், அல்லது ஸ்டட் ஹெட்டோடு முறியும். முறிந்த ஸ்டட்டைத் துளையிட்டு எடுப்பது ஒரு நாள் வேலை. துரு இளக்கும் ஆயிலை முதல் நாள் மாலையே ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் மூடியைச் சுற்றிலும் கேஸ் விளக்கால் சூடேற்றி, மரச் சுத்தியலால் இருபுறமும் மாறி மாறித் தட்டினால் பொறுமைக்குத் தக்கபடி அசைந்து கொடுக்கும். பெட்ரோல் லைன் பக்கத்தில் இருப்பதை மறந்து நெருப்பைக் காட்டக் கூடாது.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க அடுப்பும் பாத்திரமும் ஒரு தெர்மாமீட்டரும் போதும். பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்க வேண்டும். அதன் விளிம்பில் பொறித்திருக்கும் வெப்பநிலையை ஒட்டி, பெரும்பாலும் 82 டிகிரி செல்சியஸ் அளவில், அது திறக்கத் தொடங்க வேண்டும். மேலும் பத்து டிகிரி ஏறுவதற்குள் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். ஆறியதும் இடைவெளி விடாமல் மூட வேண்டும். இதில் எது தவறினாலும் புதியது வாங்குவதே சரி, விலை அதிகமில்லை.

நம் ஊர் ஷெட்டுகளில் இந்தச் சோதனைக்கே இடமிருப்பதில்லை. தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "வெயில் ஊருக்கு இது எதுக்கு?" என்பார்கள். அரைகுறையாகத் திறந்து சிக்கிய தெர்மோஸ்டாட்டால் கார் கொதித்த அனுபவத்திலிருந்து பிறந்த வழக்கம் இது. அதில் ஒரு நியாயமும் உண்டு. ஆனால் விலை கொடுக்க வேண்டியிருக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நெடுநேரம் பிடிக்கும். அதுவரை பெட்ரோல் முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவரில் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியையும் அடைக்கும். அவற்றில் இதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே பம்புக்குத் திரும்பி, கார் முன்னைவிட அதிகமாகச் சூடாகும். கழுவும்போது மட்டும் தெர்மோஸ்டாட் வெளியே இருக்க வேண்டும், பிறகு உள்ளேதான்.

பிளாக்கைக் கழுவுதல்

பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமான தகட்டு மூடிகள் அறையப்பட்டிருக்கும். பிளாக்கை வார்க்கும்போது உள்ளே இருந்த மணலை வெளியேற்ற விட்ட துளைகளை மூடுபவை இவை. கோர் பிளக் என்பது கடைப் பெயர். நெடுநாள் நின்ற இன்ஜினில் இவை உட்பக்கமிருந்து அரித்துப் போயிருக்கும். வெளியே பெயின்ட் மட்டுமே தாங்கிக்கொண்டிருக்கும் பிளக்குகளும் உண்டு, ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால் ஓட்டை விழும். கழுவுவதற்கு இவற்றை எடுப்பதே உத்தமம். எப்படியும் மாற்ற வேண்டியவை. ஓரத்தில் ஓர் இடத்தை மட்டும் பஞ்சால் தட்டினால் பிளக் அச்சில் திரும்பிக் குறுக்காக நிற்கும். அப்போது இடுக்கியால் பிடித்து இழுத்துவிடலாம். நேராக உள்ளே தள்ளக் கூடாது. பின்னால் சில மில்லிமீட்டர் தூரத்திலேயே சிலிண்டர் சுவர் இருக்கிறது.

திறந்த துளைகள் வழியாக வெல்டிங் ராடு, வளைத்த கம்பி, பழைய ஸ்க்ரூ டிரைவர் என்று கிடைத்ததை விட்டுச் சுரண்ட வேண்டும். சுரண்டியதைத் தண்ணீரால் அடித்து வெளியேற்றி, கம்ப்ரசர் காற்று கொடுத்து, மீண்டும் சுரண்ட வேண்டும். ரசாயனத்தை ஊற்றிவிட்டால் எல்லாம் கரைந்து வரும் என்று நினைப்பது தவறு. இறுகிய படிவில் பெரும்பகுதியைக் கையால்தான் எடுக்க முடியும், ரசாயனம் மிச்சத்துக்கு.

தண்ணீர் அடிக்கும் திசையும் முக்கியம். ஓடும்போது பம்ப், குளிர்ந்த நீரைப் பிளாக்குக்குள் தள்ளும்; அது மேலேறி ஹெட் வழியாகத் தெர்மோஸ்டாட்டுக்குப் போகும். கழுவும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: தெர்மோஸ்டாட் வாயில் தண்ணீர்க் குழாயைச் செருகித் துணியால் சுற்றிக்கொண்டு, அழுக்கைக் கீழ் ஹோஸ் வாய், வடிகால் துளை, கோர் பிளக் துளைகள் வழியாக வெளியேற்ற வேண்டும். ஓட்டத்தின் திசையில் சிக்கியிருக்கும் துகள் எதிர்த்திசை அழுத்தத்தில்தான் விடுபடும். இந்த வேலை நடக்கும்போது ரேடியேட்டர் காரில் இருக்கக் கூடாது.

ரசாயனம் விடும்போது எண்ணெய்ப் பிசுக்கு முதலில் போக வேண்டும். பிசுக்கு மூடிய துருவை அமிலம் தொடாது. இரும்பு ஹெட் இன்ஜினுக்குச் சலவை சோடா கரைத்த வெந்நீர் நல்லது. அலுமினியம் ஹெட்டுக்குச் சலவை சோடா ஆகாது. அதற்குப் பாத்திரம் துலக்கும் திரவமே போதும். பிசுக்கு போனபின், துளைகளைத் தற்காலிகமாக அடைத்து, லிட்டருக்கு 50 கிராம் வீதம் சிட்ரிக் ஆசிட் கரைத்து நிரப்பி ஓர் இரவு விடலாம். வெதுவெதுப்பாக இருந்தால் சீக்கிரம் வேலை செய்யும். சுண்ணாம்புப் படிவு அதிகமுள்ள இன்ஜினில் ஒரே தடவை கெட்டியாகக் கரைத்து ஊற்றுவதைவிட, நீர்த்த கரைசலை இரண்டு மூன்று முறை மாற்றுவது மேல். கெட்டிக் கரைசலில் சிட்ரிக் ஆசிடும் சுண்ணாம்பும் சேர்ந்து கரையாத வெள்ளைப் பொடியாக மறுபடி படிந்துவிடும். அலுமினியம் ஹெட்டில் அமிலம் இரவு முழுக்க நிற்கக் கூடாது. ஓரிரு மணி நேரத்தில் வடித்துவிட வேண்டும். அமிலத்தை வடித்தபின் தெளிந்த நீர் வரும்வரை கழுவி, இறுதியில் சமையல் சோடா கலந்த நீரை விட்டால் எஞ்சிய புளிப்பு அடங்கும்.

பாத்ரூம் கழுவும் ஆசிடை ஊற்றி அரைமணி நேரத்தில் வேலையை முடிப்போரும் உண்டு. அது துருவை எடுப்பதோடு நிற்காது. நல்ல இரும்பையும் பித்தளையையும் அரிக்கும், அலுமினியத்தைக் குழி குழியாக்கும். உள்ளே மூலைகளில் தங்கும் மிச்சம் பல நாள் வேலை செய்துகொண்டிருக்கும்.

புது கோர் பிளக்குகள் பித்தளையில் கிடைத்தால் அவற்றையே வாங்க வேண்டும். உட்காரும் விளிம்பைப் பளபளப்பாகச் சுரண்டி, சீலன்ட் மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். கிண்ண வடிவப் பிளக்கை அதன் உள்விட்டத்துக்கேற்ற உருளையால் சீராக அடித்து இறக்க வேண்டும். குவிந்த தகட்டு வகையைக் குவிவு வெளிநோக்கி இருக்க வைத்து, நடுவில் அடித்தால் அது தட்டையாகும்போது விளிம்பு விரிந்து இறுகும். ரொம்பவும் அடித்து உட்குழிந்தால் விளிம்பு சுருங்கிக் கசியும்.

ரேடியேட்டர்

வெளிப்புறம் முதலில். பழைய கார்களின் ரேடியேட்டர் தகடுகளுக்கிடையில் குளவிகள் மண் கூடு கட்டியிருக்கும். எலிகள் குப்பை சேர்த்திருக்கும். இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கி, மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் விட வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷனின் பிரஷர் துப்பாக்கி தகடுகளை மடக்கிவிடும்.

உட்புற அடைப்பை அறிய எளிய வழி உண்டு. ரேடியேட்டரைக் கழற்றி, கீழ் வாயை உள்ளங்கையால் அடைத்து, வாய்வரை தண்ணீர் நிரப்பிக் கையை எடுத்தால் ஒரே கொட்டாகக் கொட்ட வேண்டும். மெல்ல ஒழுகினால் குழாய்களில் பாதி அடைபட்டிருக்கிறது. கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடித்தும் சிட்ரிக் ஆசிடில் ஊறவைத்தும் பயனில்லை என்றால் ரேடியேட்டர் கடைக்குத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே மேல் டேங்கை ஈயம் உருக்கிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் தட்டையான கம்பியை விட்டு இழுத்து, மீண்டும் பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். குழாயும் தகடும் சேர்ந்த செம்பு-பித்தளைக் கோர் தேறாது என்றால் புதுக் கோர் போட்டு, பழைய டேங்குகளையே வைத்துக்கொள்ளலாம். காரின் பழைய தோற்றமும் கெடாது. வெளியே அடிக்கும் கறுப்புப் பெயின்ட் மெல்லியதாக இருக்க வேண்டும், தடித்தால் வெப்பம் வெளியேறாது.

ரேடியேட்டர் மூடியைப் பலர் வெறும் மூடி என்றே நினைக்கிறார்கள். கொதிநிலையை நிர்ணயிப்பது அதுதான். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சதுர அங்குலத்துக்கு 4 பவுண்ட் அழுத்தம் தாங்கும் மூடிக்குக் கீழே சுமார் 107 டிகிரியிலும், 7 பவுண்ட் மூடிக்குக் கீழே சுமார் 111 டிகிரியிலும்தான் கொதிக்கும். அப்படியென்றால் இன்றைய கார்களின் அதிக அழுத்த மூடி இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். ஈயம் வைத்துப் பற்றிய பழைய டேங்க் அந்த அழுத்தத்தில் தையல் விடும். கையேட்டில் சொன்ன அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. அழுத்தம் சரியாக இருந்தும் மூடியின் நாக்கு ரேடியேட்டர் கழுத்தின் ஆழத்துக்கு எட்டாமல் போனால் அழுத்தமே தங்காது. பழைய மூடியையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஆழத்தை ஒப்பிட்டே வாங்க வேண்டும்.

பம்ப், பெல்ட், ஹோஸ்

பம்பைக் கழற்றிப் பின்புறம் பார்க்க வேண்டும். இம்பெல்லரின் இறக்கைகள் துருவில் கரைந்து குட்டையாகியிருப்பது அபூர்வமல்ல. அப்படிப்பட்ட பம்ப் ஓசையில்லாமல் சுழலும், தண்ணீரை மட்டும் தள்ளாது. தண்டில் ஆட்டம் இருந்தாலும், அடியில் உள்ள சிறு கசிவுத் துளையில் கறை இருந்தாலும் பேரிங்கும் சீலும் மாற்ற வேண்டும். அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைப்பது பார்க்கக் கிடைக்கும் விபரீதங்களில் ஒன்று. சீல் விட்டதும் தண்ணீர் வெளியே போக வழியின்றிப் பேரிங்குக்குள் போகும்.

ஹோஸ்களில் தேர்வு செய்ய ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். வெளியே நன்றாயிருக்கும் பழைய ஹோஸின் உட்புறம் உரிந்து நாக்குபோலத் தொங்கி ஓட்டத்தை மறிக்கும். கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம் இருப்பதால் வேகத்தில் சப்பிப்போகும். பழையதன் உள்ளே சுருள் கம்பி இருந்திருந்தால் புதியதிலும் போட மறக்கக் கூடாது. ஃபேன் பெல்ட் மிக நீளமான பகுதியில் கட்டைவிரலால் அழுத்தும்போது சுமார் 12 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். அதைவிட இறுக்கினால் பம்ப் பேரிங்கும் டைனமோ பேரிங்கும் பாழ்.

முதல் ஓட்டம்

முதலில் வெறும் தண்ணீரில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். கசிவு இருந்தால் விலை கொடுத்து வாங்கிய கூலன்ட் தரையில் ஓடும். எவ்வளவு கழுவினாலும் துகள் கொஞ்சம் மிஞ்சும். அதைப் பிடிக்க, மேல் ஹோஸ் ரேடியேட்டரில் சேரும் வாய்க்குள் பழைய நைலான் சாக்ஸின் நுனியைப் பைபோலச் செருகி, விளிம்பை வெளியே மடித்து ஹோஸை மாட்டலாம். முதல் சில ஓட்டங்களுக்குப் பின் எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு ஸ்பூன் துரு இருக்கும். எடுக்க மறந்தால் அதுவே அடைப்பாகிவிடும்.

காரின் மூக்கு சற்று உயர நிற்கும்படி நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் அதன் வால்வைத் திறந்து, மெதுவாக ஊற்றி, இடையிடையே மேல் ஹோஸைப் பிசைந்து காற்றை வெளியேற்ற வேண்டும். மூடி போடாமல் ஸ்டார்ட் செய்து மெதுவாக ஓடவிட்டு ரேடியேட்டர் வாயைக் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் வரும் ஓரிரு குமிழிகள் சிக்கிய காற்று. விடாமல் குமிழி வந்து, ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போது அதிகமானால் சிலிண்டர் வாயு ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீருக்குள் புகுகிறது. அதற்குக் கழுவலில் தீர்வில்லை.

மேல் ஹோஸ் சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடானால் தெர்மோஸ்டாட் வேலை செய்கிறது. சூடான ரேடியேட்டரின் முகத்தில் கையை நகர்த்திப் பார்க்க, மேலிருந்து கீழே சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு திட்டு மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைபட்டுள்ளன. கையை வைக்கும் முன் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். மூடி போட்டு ஓட்டிய பிறகு, ஆறாமல் அதைத் திறக்கவே கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் கார் சூடானால் குற்றம் தண்ணீரில் இல்லாமலும் இருக்கலாம். பின்தங்கிய இக்னிஷன் டைமிங், பெட்ரோல் குறைந்த கலவை, விடாமல் பிடிக்கும் பிரேக் மூன்றையும் பார்க்க வேண்டும்.

கூலன்ட்

ஓட்டத்தில் கசிவில்லை, தண்ணீரும் தெளிவாக வருகிறது என்றான பின் அதை வடித்துவிட்டு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் கலந்து நிரப்ப வேண்டும். சமவெளியில் உறைபனிக்குப் பயமில்லை. இங்கே கூலன்ட் தேவைப்படுவது துருத் தடுப்புக்காகவே. அதிகம் ஊற்றினால் அதிக நன்மை என்ற கணக்கு இங்கே பொருந்தாது. கிளைக்கால் கூடக்கூட நீரின் வெப்பம் சுமக்கும் திறன் குறையும். செம்பு, பித்தளை, ஈயம் கலந்த பழைய அமைப்புக்கு நீண்ட ஆயுள் என்று விற்கும் புதிய வகைகளைவிட, சிலிகேட் சேர்த்த பழைய பச்சை வகையே பாதுகாப்பு. இரண்டு வகைகளைக் கலக்கக் கூடாது, கூழாகிப் படியக்கூடும். பச்சை வகையின் துருத் தடுப்பு சுமார் இரண்டு வருடத்தில் தேய்ந்துவிடும் என்பதால், காரை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அப்போது மாற்ற வேண்டும்.

மறுபடி காரை நிறுத்தி வைக்க நேர்ந்தால், தண்ணீரை வடித்துக் காலியாக விடுவது தவறு. ஈரமான வெற்றுச் சுவர்தான் வேகமாகத் துருப்பிடிக்கும். கூலன்ட்டை விளிம்புவரை நிரப்பியே வைத்து, மாதம் ஒருமுறை மேல் ஹோஸ் சூடாகும்வரை ஓடவிட்டு, ஆறிய பின் மட்டத்தைப் பார்த்து ஈடுசெய்தால் போதும்.